தெரிந்தும் ஏன் தலைமாடு தாழ்ந்தே இருக்கிறது? வென்டிலேட்டர் நிமோனியாவும் ஊழியர் பயிற்சியும்

ஐரோப்பாவின் 22 நாடுகளில், ஐசியூவில் வேலை செய்யும் 3,329 செவிலியர்களுக்கு ஒரு சின்ன வினாத்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2008இல் வெளியாயின. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு நிமோனியா வராமல் தடுப்பது எப்படி என்பதுதான் எல்லாக் கேள்விகளின் பொருளும். சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 45. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் 85 சதவீதம் பேர் சரியாக விடை எழுதியிருந்தார்கள். நோயாளியை மட்டமாகப் படுக்க வைக்காமல், தலைமாட்டை உயர்த்திச் சாய்வாக வைத்தால் நிமோனியா குறையும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாரிஸில் ஒரு மருத்துவமனையின் ஐசியூவில் நடந்த பயிற்சித் திட்டத்தின் கணக்கு 2010இல் வெளிவந்தது. பயிற்சி தொடங்குவதற்கு முன் தலைமாடு சரியான உயரத்தில் இருந்தது நூற்றுக்கு ஐந்து தடவைதான். ஊர் வேறு, ஆட்கள் வேறு என்பதால் இந்த இரண்டு எண்களையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் தெரிந்திருப்பதும் செய்வதும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதற்கு இவையே போதும்.

ஊழியர் பயிற்சி என்றதும் பல மருத்துவமனைகளில் நடப்பது ஒன்றுதான். எல்லோரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் ஸ்லைடு காட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். அந்த ஸ்லைடுகளில் சொல்லப்படுவது தப்பு இல்லை. அதனால் தீரக்கூடியது பிரச்சினையில் ஒரு பகுதி மட்டுமே என்பதுதான் சிக்கல். மிச்சமெல்லாம் கட்டில் பக்கத்தில் நடக்கிற விஷயம்.

நோயை முதலில் பார்த்துவிடலாம். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்து 48 மணி நேரம் கடந்த பிறகு வரும் நுரையீரல் தொற்றைத்தான் வென்டிலேட்டர் நிமோனியா என்கிறார்கள். வார்டில் சுருக்கமாக விஏபி. கிருமி மெஷினிலிருந்து காற்றோடு வந்து இறங்குகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வருவது நோயாளியின் வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும்தான்.

நமக்கு எச்சில் தவறான வழியில் போனால் உடனே புரையேறி, இருமல் அதை வெளியே தள்ளிவிடும். குழாய் போட்ட நோயாளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குரல்வளைக்கு நடுவே குழாய் நிற்பதால் அது மூடிக்கொள்ள முடியாது. மயக்க மருந்து இருமலையும் மழுங்கடித்துவிடும். வாயில் ஊறும் எச்சிலும் வயிற்றிலிருந்து எதுக்களித்து வருவதும் தொண்டைக்குக் கீழே இறங்கி, குழாயின் நுனிக்குச் சற்று மேலே உள்ள கஃப் என்ற காற்றுப்பையின் மேல் தேங்கும். கடும் நோயில் சில நாள் கிடந்தாலே வாயில் குடியிருக்கும் கிருமிகள் மாறிவிடுகின்றன. சூடோமோனாஸ், அசினெட்டோபேக்டர், கிளெப்சியெல்லா, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று பலவும் அங்கே இடம் பிடிக்கும். இவற்றில் பல, வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத ரகம். கஃப்பின் மேல் தேங்கிய நீர், பையின் மடிப்புகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் கசிகிறது. குழாயின் உட்சுவரிலும் கிருமிகள் வழுவழுப்பான படலமாகப் படிந்துகொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் நுழையாது.

இதைப் பயிற்சியில் கண்ணால் பார்க்க வைக்க முடியும். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மூச்சுக்குழாயாக வைத்துக்கொண்டு, அதற்குள் நிஜமான ட்யூபைச் செருகி, கஃப்பை ஊதி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மேலே நிறம் கலந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். முதலில் இறுக்கமாக அடைத்துக்கொண்டது போலத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் மடிப்பு ஓரமாக ஒரு மெல்லிய நிறக்கோடு கீழே இறங்கும். கஃப்பிலிருந்து சிறிது காற்றை எடுத்தால் கோடு தாரையாகிவிடும். இதைப் பார்த்தவர்களுக்குத் தலைமாட்டை ஏன் உயர்த்த வேண்டும், பல் ஏன் துலக்க வேண்டும், கஃப் அழுத்தத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் அந்தத் தேக்கத்தைக் குறைப்பதற்கோ, அது கீழே இறங்காமல் தடுப்பதற்கோதான்.

தடுப்பு முறைகளைத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒரு கட்டாகச் சேர்த்து, எல்லாவற்றையும் எல்லா நோயாளிக்கும் தினமும் செய்வது என்ற பழக்கம் 2004 டிசம்பருக்குப் பிறகு பரவலானது. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஃபார் ஹெல்த்கேர் இம்ப்ரூவ்மென்ட் தொடங்கிய ஒரு லட்சம் உயிர்கள் இயக்கத்தில் வென்டிலேட்டர் பண்டில் என்ற இந்தக் கட்டும் ஒன்று. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்துவது, தினமும் மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்துக் குழாயை எடுக்க முடியுமா என்று சோதிப்பது, வயிற்றுப்புண் தடுப்பு மருந்து, காலில் ரத்தம் உறையாமல் தடுப்பது என நான்கு அம்சங்கள். வாய்ச் சுத்தம் பிறகு சேர்ந்தது. இந்த நான்கில் கடைசி இரண்டும் நிமோனியாவைத் தடுப்பதற்கானவையே அல்ல. வென்டிலேட்டர் நோயாளிக்கு வரும் வேறு ஆபத்துகளுக்கானவை. பண்டில் என்ற பெயரில் ஒன்றாக வந்துவிட்டதால் இன்றைக்கும் பல பயிற்சி வகுப்புகளில் வயிற்றுப்புண் மருந்து நிமோனியாவைத் தடுக்கும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

தலைமாட்டுக் கதைக்கு வருவோம். 1999இல் பார்சிலோனாவில் நடந்த ஆய்வு ஒன்றுதான் இதைப் பிரபலமாக்கியது. மட்டமாகப் படுத்திருந்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும், 45 டிகிரியில் சாய்ந்திருந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் நிமோனியா அறிகுறிகள் தெரிந்தன. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு நெதர்லாந்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 2006இல் வந்த முடிவு வேடிக்கையானது. 45 டிகிரி என்று ஒதுக்கப்பட்ட நோயாளிகளின் சராசரிக் கோணம் முதல் நாள் 28 டிகிரி, ஏழாம் நாள் 23 டிகிரிக்கும் குறைவு. ஆய்வு நேரத்தில் 85 சதவீதம் 45 டிகிரியை எட்டவே முடியவில்லை. இத்தனைக்கும் அது ஆராய்ச்சி. கோணத்தைக் கருவி வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். சாதாரண வார்டில் நடு இரவு ஷிஃப்டில் என்ன நடக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஏன் தாழ்கிறது? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒரு ஐசியூ கட்டிலின் பக்கத்தில் நின்று பார்த்தால் காரணங்கள் வரிசையாக வரும். எக்ஸ்ரே எடுக்க வருபவர் ஃபிலிம் தட்டை முதுகுக்கு அடியில் வைக்கக் கட்டிலைத் தாழ்த்துவார். எடுத்து முடித்ததும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். உடம்பு துடைக்க, விரிப்பு மாற்ற, கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் லைன் போட என்று ஒவ்வொன்றுக்கும் தாழ்த்த வேண்டியிருக்கும். சாய்வாக வைத்தால் நோயாளி மெல்ல வழுக்கிக் கால்மாட்டுக்கு வந்துவிடுவார்; அப்போது கட்டில் 40 டிகிரி காட்டினாலும் அவர் உடம்பு வளைந்து கிடக்குமே தவிர நெஞ்சு உயர்ந்திருக்காது. பின்புறத்தில் புண் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. ரத்த அழுத்தம் விழுந்தால் முதலில் கை போவது கட்டிலின் பட்டனுக்குத்தான். இதற்கெல்லாம் மேலே, கண்ணால் பார்த்துக் கோணம் சொல்வது யாருக்கும் சரியாக வராது. 20 டிகிரியை 30 என்று சத்தியம் செய்வோம்.

ஆக, இந்தப் பயிற்சியில் செவிலியர்கள் மட்டும் உட்கார்ந்தால் போதாது. கட்டிலைத் தாழ்த்துகிற எக்ஸ்ரே டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட், டயாலிசிஸ் டெக்னீஷியன், விரிப்பு மாற்றும் உதவியாளர் எல்லோருக்கும் ஒரே ஒரு வரியாவது போய்ச் சேர வேண்டும்: தாழ்த்தியவரே உயர்த்திவிட்டுப் போக வேண்டும். அந்த ஒரு வரிக்கு ஸ்லைடு தேவையில்லை. ஆனால் அவர்களை யாரும் பயிற்சிக்குக் கூப்பிடுவதில்லை.

பயிற்சிக்குப் பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பார்ன்ஸ்-ஜூயிஷ் மருத்துவமனையில் செவிலியர்களுக்கும் சுவாச சிகிச்சையாளர்களுக்கும் தாமாகவே படித்துக்கொள்ளும் பத்துப் பக்கக் கையேடு ஒன்றைக் கொடுத்து, படிப்பதற்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்தார்கள். ஆயிரம் வென்டிலேட்டர் நாட்களுக்கு (ஒரு நோயாளி வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நாள் ஒரு வென்டிலேட்டர் நாள்) 12.6 ஆக இருந்த தொற்று விகிதம் 5.7 ஆக இறங்கியது. 2002இல் வெளியான கணக்கு இது. அதே முறையை நான்கு மருத்துவமனைகளுக்கு விரித்துச் செய்தபோது மொத்த விகிதம் 8.75இலிருந்து 4.74க்கு வந்தது. அந்த நான்கில் ஒன்றில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. கையேட்டை முடித்தவர்கள் மிகக் குறைவாக இருந்த மருத்துவமனை எதுவோ, அதுதான் அது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்த பகுதியே இந்தத் தோல்விதான். பயிற்சியை அறிவித்துவிடுவதும் பயிற்சி நடப்பதும் வேறுவேறு என்பதை அது பளிச்சென்று காட்டிவிடுகிறது.

பாரிஸ் மருத்துவமனை இன்னொரு படி மேலே போனது. வகுப்போடு நிற்காமல், ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்ப நேரில் கவனித்து, அந்தக் கணக்கை அவர்களிடமே காட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் தலைமாடு 5 சதவீதத்திலிருந்து 58க்கும், கஃப் அழுத்தத்தைச் சரியாக வைத்திருப்பது 40இலிருந்து 89க்கும், நல்ல வாய்ச் சுத்தம் 47இலிருந்து 90க்கும் ஏறின. நிமோனியா ஆயிரம் வென்டிலேட்டர் நாட்களுக்கு 22.6ஆக இருந்தது 13.1ஆனது. தலைமாடும் கஃப்பும் மேம்பட்டது வெறும் பேச்சால் அல்ல, எளிய கருவிகள் சிலவற்றைக் கொண்டுவந்த பிறகுதான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அத்தனைக்குப் பிறகும் தலைமாடு 58 சதவீதத்தைத் தாண்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கேட்டால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிற விஷயம், பட்டியலிலேயே கஷ்டமான விஷயமாக முடிந்தது.

கஃப் அழுத்தத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அது 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். 20க்குக் கீழே போனால் தேக்கம் கசியும். 30க்கு மேலே போனால் மூச்சுக்குழாயின் உட்சவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைந்து புண்ணாகும். பல இடங்களில் கஃப்போடு இணைந்து வெளியே தொங்கும் சின்னப் பைலட் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து, 'சரியாத்தான் இருக்கு' என்பார்கள். விரலுக்கு 15க்கும் 50க்கும் வித்தியாசம் தெரியாது. இதை நம்ப வைக்க ஒரு வழிதான் உண்டு. நாலைந்து குழாய்களை வெவ்வேறு அழுத்தத்தில் ஊதி மேஜையில் வைத்து, ஒவ்வொருவரையும் அமுக்கிப் பார்த்து எண்ணை எழுதச் சொல்ல வேண்டும். பிறகு அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரை மாட்டிக் காட்ட வேண்டும். பல வருட அனுபவம் உள்ளவரும் அன்றைக்குத்தான் மானோமீட்டரைத் தேடத் தொடங்குவார். அப்புறம் அது ஐசியூவில் எங்கே இருக்கிறது என்ற கேள்வி வரும். பூட்டிய அலமாரிக்குள், சாவி வேறு ஒருவரிடம் என்றால் பயிற்சி அங்கேயே முடிந்தது.

நோயாளியைப் புரட்டும்போது நடப்பது இன்னொன்று. வென்டிலேட்டர் குழாய்களில் ஈரம் குளிர்ந்து தண்ணீராகத் தேங்கியிருக்கும். அதிலும் கிருமி உண்டு. புரட்டும் வேகத்தில் குழாய் உயர்ந்தால் அந்தத் தண்ணீர் நேராக நோயாளிக்குள் ஓடும். எனவே புரட்டுவதற்கு முன்பே தண்ணீரை அதற்கான சேகரிப்புக் கிண்ணத்தை நோக்கி வடித்துவிட வேண்டும். அடுத்தது வாய். தலைமாட்டைத் தாழ்த்துவதற்கு முன்பும், கஃப் காற்றைக் குறைக்க நேர்ந்தால் அதற்கு முன்பும், வாயையும் தொண்டையையும் சக்‌ஷன் செய்துவிட வேண்டும். கஃப்புக்கு மேலே உறிஞ்சும் வழி உள்ள குழாயானால் அதையும்தான். வரிசை மாறினால் அதுவரை காத்த தேக்கத்தை நாமே உள்ளே ஊற்றியதாகிவிடும். காகிதத்தில் எல்லோரும் இந்த வரிசையைச் சரியாக எழுதுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பொம்மையைப் புரட்டச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் குழாயில் தண்ணீர் இருந்ததையே பார்த்திருக்க மாட்டார்கள்.

பல் துலக்குவதும் இப்படித்தான். மயக்கத்தில் இருப்பவரின் வாயில், குழாய் அசையாமல், சின்ன மென்மையான பிரஷ்ஷால் பல்லையும் ஈறையும் நாக்கையும் தேய்த்து, ஊறுவதை உடனுக்குடன் உறிஞ்சி எடுக்க வேண்டும். தொடங்குமுன் கஃப் அழுத்தமும், உதட்டோரம் குழாயில் தெரியும் சென்டிமீட்டர் குறியும் பார்க்க வேண்டும். முடித்த பிறகு அதே குறி இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். குழாய் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து பலர் பஞ்சில் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று சில தடவை செய்ய வைத்தால்தான் போகும்.

வாய்ச் சுத்தம் என்றதும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி நினைவுக்கு வரும். பல ஆண்டுகள் அதுதான் பாடமாக இருந்தது. 2014இலிருந்து வந்த தொகுப்பாய்வுகள், அது இதய அறுவை சிகிச்சை அல்லாத நோயாளிகளில் நிமோனியாவைக் குறைப்பது உறுதியில்லை, இறப்பைக் கூட்டவும் வாய்ப்பிருக்கிறது என்ற சந்தேகத்தைக் கிளப்பின. அமெரிக்கத் தொற்றுத் தடுப்பு அமைப்புகள் சேர்ந்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில், பல் துலக்குவது அத்தியாவசியம், குளோர்ஹெக்சிடின் வேண்டாம் என்று ஆகிவிட்டது. பல் துலக்குவதற்கான ஆதாரம் அதன்பின் இன்னும் வலுத்திருக்கிறது. வென்டிலேட்டர் சர்க்கியூட்டை, அதாவது மெஷினையும் நோயாளியையும் இணைக்கும் குழாய்களை, குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றுவதும் இப்போது இல்லை. அழுக்கானாலோ பழுதானாலோ மட்டும்தான். சக்‌ஷன் செய்யும்போதெல்லாம் குழாய்க்குள் சேலைன் என்ற உப்புநீரை விடுவதும் வழக்கமாகச் செய்யக்கூடாத ஒன்று. புதிதாகக் கற்பதைவிட இப்படிக் கைவிடுவது கஷ்டம். சீனியர் சிஸ்டர் இருபது வருஷம் செய்ததை ஜூனியர் தப்பு என்று சொல்ல முடியாது. அதனால் இந்த விஷயத்தில் பயிற்சியை மேலிருந்து தொடங்குவதே நல்லது. முதலில் சீனியர்கள், அவர்கள் வாயால் மற்றவர்களுக்கு.

இத்தனையும் சொன்ன பிறகு, மிக முக்கியமான தடுப்பு முறையை இன்னும் சொல்லவில்லை. குழாயைச் சீக்கிரம் எடுப்பதுதான் அது. மயக்க மருந்தைத் தினமும் நிறுத்திப் பார்த்ததில் வென்டிலேட்டர் காலம் 7.3 நாளிலிருந்து 4.9 நாளாகக் குறைந்தது என்று சிகாகோவில் நடந்த ஆய்வு 2000இல் காட்டியது. நிறுத்துவதோடு, நோயாளி தானே மூச்சு விடுகிறாரா என்ற சோதனையையும் இணைத்துச் செய்தால் ஓர் ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருப்பவர்களும் கூடுகிறார்கள் என்று 2008இல் இன்னோர் ஆய்வு சொன்னது. இங்கே செவிலியர் தனியாக எதுவும் செய்ய முடியாது. மருந்தை நிறுத்த டாக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளி விழித்துக் கைகாலை உதறும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். மூச்சுச் சோதனையை நடத்தத் தெரிந்தவர் அதே நேரத்தில் இருக்க வேண்டும். விஏபி வகுப்பில் செவிலியர்களை மட்டும் நிரப்பி வைப்பதில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். நிமோனியாவைப் பெருமளவு தடுக்கும் முடிவை எடுப்பவர்கள் அந்த ஹாலில் இருப்பதில்லை. டாக்டர், செவிலியர், பிசியோ மூவரும் ஒரே கட்டிலின் பக்கத்தில் நின்று, 'இன்றைக்கு நிறுத்திப் பார்க்கலாமா, இல்லையென்றால் ஏன்?' என்று பேசிப் பழகுவதுதான் இதற்கான பயிற்சி. காலை ரவுண்ட்ஸிலேயே அதைச் செய்யலாம்.

பலனை அளப்பதில் ஒரு எச்சரிக்கை தேவை. நிமோனியா என்று முடிவு செய்ய எக்ஸ்ரேயில் புதிய நிழல், காய்ச்சல், வெள்ளணு எண்ணிக்கை, சளியின் நிறம் என்று பார்க்கிறார்கள். நுரையீரலில் நீர் கோத்தாலும் ஒரு பகுதி சுருங்கினாலும் அதே படம்தான் தெரியும். பார்ப்பவரைப் பொறுத்துக் கணக்கு மாறும். விகிதத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்ற அழுத்தம் வந்துவிட்டால், சந்தேகத்துக்குரியவை எல்லாம் மெல்லக் கணக்கிலிருந்து நழுவும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 112 ஐசியூக்கள் சேர்ந்து செய்த திட்டத்தில் ஆயிரம் வென்டிலேட்டர் நாட்களுக்கான நடுமதிப்பு விகிதம் 5.5இலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. பெரிய சாதனைதான். ஆனால் பூஜ்யம் என்ற எண்ணைப் பார்க்கும்போது கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதில் தப்பில்லை. இந்தக் குழப்பத்தால்தான் அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013இல் கணக்கெடுக்கும் முறையையே மாற்றி, எக்ஸ்ரேயை விட்டுவிட்டு, ஆக்சிஜன் அளவையும் வென்டிலேட்டர் அழுத்தத்தையும் திடீரென்று கூட்ட வேண்டி வந்ததா என்று பார்க்கத் தொடங்கியது.

பயிற்சி நடத்துபவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நிமோனியாவை எண்ணிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. நேரம் சொல்லாமல் போய்ப் பத்துக் கட்டில்களின் கோணம், கஃப் அழுத்தம், இன்று மயக்க மருந்து நிறுத்திப் பார்த்தார்களா என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு வந்து, அன்றைக்கே ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட்ஓவரில் சொல்லிவிடலாம். பெயர் சொல்லாமல், எண்ணை மட்டும். ராத்திரி ஷிஃப்டிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஒருமுறை போக வேண்டும். பகலில் எடுத்த கணக்கு எப்போதும் அழகாகவே இருக்கும். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே கையைப் பிடித்துச் சொல்லித்தர ஒருவரை ஒதுக்க வேண்டும். ஐசியூவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். போன வருடம் பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் இன்றைய டியூட்டி பட்டியலில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே அடுத்த வகுப்பை எப்போது வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஆள் பற்றாக்குறையைப் பயிற்சியால் ஈடுகட்ட முடியாது என்பதையும் நிர்வாகத்திடம் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று வென்டிலேட்டர் நோயாளிகளை ஒரே செவிலியர் பார்த்தால், பல் துலக்கும்போது குழாயைப் பிடித்துக்கொள்ள இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார்? அந்த ஷிஃப்டின் கோணமும் கஃப் அழுத்தமும் குறித்த தாளில், எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் என்பதையும் ஒரு ஓரத்தில் எழுதி வைத்து, இரண்டையும் சேர்த்தே மேலே அனுப்ப வேண்டும்.